சல்யூட் 5: அந்தக் காற்றில் என்ன இருந்தது?

1977 பிப்ரவரி 8 அன்று சோயுஸ் 24 என்ற சோவியத் விண்கலம் சல்யூட் 5 விண்வெளி நிலையத்தோடு இணைந்தது. கலத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர்: விக்தர் கோர்பாத்கோ, யூரி கிளாஸ்கோவ். இணைந்த கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு நிலையத்துக்குள் போவதுதான் வழக்கம். இவர்கள் போகவில்லை. இடம் போதாத அந்தச் சிறிய கலத்திலேயே தூங்கி எழுந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள். திறந்தபோது இருவரும் சுவாசக் கருவி மாட்டியிருந்தார்கள். காற்றில் நச்சு இருந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனைக் குழாய்களும் கையில் இருந்தன.

ஐந்தரை மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு அது. அதற்கு முன் அங்கே குடியிருந்த இருவரும் 49 நாட்களில், திட்டமிட்ட காலம் முடியும் முன்பே, அவசரமாகக் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தானாக உடை மாட்டிக்கொள்ளக்கூட முடியாத நிலையில் இருந்தார். ஏன் அப்படி ஆனது? நிலையத்தின் காற்று கெட்டுப்போனதா, அல்லது உள்ளே இருந்த மனிதர் தளர்ந்துபோனாரா? கோர்பாத்கோவும் கிளாஸ்கோவும் அதற்கு விடை தேடித்தான் முகமூடியோடு உள்ளே போனார்கள்.

இந்தக் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ள, அந்த நிலையம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சல்யூட் 5 என்பது வெளியுலகத்துக்குச் சொன்ன பெயர். அதைக் கட்டியவர்கள் வைத்த பெயர் அல்மாஸ். ரஷ்ய மொழியில் வைரம் என்று பொருள். சோவியத் ராணுவத்துக்காகக் கட்டப்பட்ட, மனிதர்கள் தங்கி வேலை செய்யும் உளவு நிலையம் அது.

1960களின் நடுவில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே கணக்கைப் போட்டன. அன்றைய உளவுச் செயற்கைக்கோள்கள் ஃபிலிமில் படம் எடுத்தன. ஃபிலிம் சுருள் கேப்சூலில் பூமிக்குத் திரும்பி, கழுவப்பட்டு, ஒருவர் மேசையில் வைத்துப் பார்க்கும்போது பல நாட்கள் கடந்திருக்கும். மேகம் மறைத்த இடத்தையும் அந்தக் கேமரா விடாமல் படம்பிடித்துக்கொண்டே போகும். சுருளில் பெரும்பகுதி வீணாகும். அங்கே ஒரு மனிதன் இருந்தால்? மேகம் இருந்தால் விட்டுவிடுவான். புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் கேமராவை அங்கே திருப்புவான். முக்கியமான படத்தை அங்கேயே கழுவிப் பார்த்துக் கீழே அனுப்புவான். அமெரிக்க விமானப்படை 1963 டிசம்பரில் இப்படியொரு ஆய்வகத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டே விளாதிமிர் செலோமெய் தன் திட்டத்தை முன்வைத்தார். மாஸ்கோவை ஒட்டிய ரெவுதோவில் ஏவுகணைகள் வடிவமைத்துக்கொண்டிருந்தவர் அவர். அமெரிக்கர்கள் 1969 ஜூனில், ஒரு வீரரைக்கூட அனுப்பாமலே, தங்கள் திட்டத்தைக் கைவிட்டார்கள். சோவியத் திட்டம் நிற்கவில்லை.

அல்மாஸ் சுமார் பதினான்கரை மீட்டர் நீளம். அகன்ற பகுதியின் விட்டம் 4.15 மீட்டர். எடை 18 டன்னுக்கு மேல். செலோமெய்யின் அமைப்பே உருவாக்கிய புரோட்டான் ராக்கெட்தான் அதைச் சுமந்து செல்ல வேண்டும். உள்ளே முக்கியமான பொருள் அகாத் என்ற கேமரா. அதன் குவியத் தூரம் ஆறு மீட்டருக்கும் மேல். நிலையத்தின் அகன்ற பகுதியில் தரையிலிருந்து கூரை வரை அடைத்துக்கொண்டு நின்றது. கேமராவுக்கு நடுவே ஆட்கள் தங்க இடம் விட்டிருந்தார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை. கீழே வேகமாக ஓடும் நிலப்பரப்பை ஒரு கணம் நிறுத்திப் பார்ப்பதுபோல் காட்டும் ஒளியியல் கருவியும் இருந்தது. அதன் வழியாக ஒரு விமான தளத்தையோ துறைமுகத்தையோ உற்றுப் பார்த்துவிட்டுக் கேமராவை இயக்கலாம். எடுத்த படங்களில் அவசரமானதை நிலையத்திலேயே கழுவி, தொலைக்காட்சி சமிக்ஞையாக அனுப்பலாம். மிச்ச ஃபிலிம், ஆளில்லாத சிறு கேப்சூலில் பூமிக்கு வரும்.

ஆட்களுக்காகச் செய்த ஏற்பாடும் மோசமில்லை. நிரந்தரப் படுக்கை ஒன்று, மடக்குப் படுக்கை ஒன்று. சாப்பாட்டு மேசை, வெந்நீர், குளிக்க ஓர் அடைப்பு, காந்தச் சதுரங்கப் பலகை, சில புத்தகங்கள், டேப் ரெக்கார்டர். மூல வரைவில் இன்னொன்றும் இருந்தது. நிலையத்துக்கு ஆட்களையும் சரக்கையும் சேர்த்துக் கொண்டுவர, டிகேஎஸ் என்ற பெரிய கப்பலை செலோமெய் தனியாக வடிவமைத்திருந்தார். அதில் மூன்று பேர் வரலாம். ஃபிலிம், உணவு, எரிபொருள் எல்லாம் வரும். அந்தக் கப்பல் தாமதமாகிக்கொண்டே போனது. கடைசியில் அல்மாஸுக்கு ஆட்களை ஏற்றிச் சென்றது சோயுஸ்தான். அதுவும் எப்படிப்பட்ட சோயுஸ்? 1971இல் சல்யூட் 1இலிருந்து திரும்பும்போது சோயுஸ் 11இன் காற்று கசிந்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். அதன் பிறகு வீரர்கள் அழுத்த உடை அணிந்தே பறக்க வேண்டும் என்றானது. உடைக்கான சாதனங்களை வைத்தபோது மூன்றாவது இருக்கைக்கு இடமில்லாமல் போனது. சூரியத் தகடுகளையும் எடுத்துவிட்டார்கள். பேட்டரியில் மட்டுமே ஓடும் அந்தக் கலம் தனியாகச் சுமார் இரண்டு நாள்தான் தாங்கும்.

ஆக, மூன்று பேர் தங்கவும், சரக்குக் கப்பல் வந்து போகவும் நினைத்துக் கட்டிய நிலையத்துக்கு, இரண்டு பேரை மட்டும், கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கச் சொல்லி அனுப்பினார்கள். அல்மாஸ் பயணங்களில் நடந்த பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இடையில் ஒரு பங்காளிச் சண்டையும் நடந்தது. நிலையத்தின் உடற்கூடு தயாராகிவிட்டது, உள்ளே வைக்க வேண்டிய கருவிகள் தயாராகவில்லை. 1970இல் அந்தக் கூடுகள் சிலவற்றை எடுத்து, செலோமெய்யின் போட்டியாளர்களான, சோயுஸ் கலங்களை உருவாக்கிய பழைய கொரலியோவ் அமைப்பிடம் கொடுக்கச் சொன்னது மேலிடம். அவர்கள் சோயுஸின் கருவிகளை அதில் பொருத்தி, 1971 ஏப்ரலில் சல்யூட் 1 என்று ஏவினார்கள். உலகின் முதல் விண்வெளி நிலையம் என்று நாம் படிப்பது அதைத்தான். அதன் வெளிக்கூடு அல்மாஸுக்காகச் செய்யப்பட்டது. பிறகு ராணுவ நிலையங்களே மேலே போனபோதும் அவற்றுக்கும் சல்யூட் என்ற பெயரையே சூட்டினார்கள். அப்படிப் பார்த்தால் சல்யூட் 2, 3, 5 ஆகியவை ராணுவத்தினுடையவை. 1, 4, 6, 7 மற்றவை.

பெயரை மறைத்தாலும் பாதையை மறைக்க முடியவில்லை. அறிவியல் ஆய்வுக்கான சல்யூட் 4 சுமார் 350 கி.மீ. உயரத்தில் சுற்றியது. ராணுவ நிலையங்கள் சுமார் 270 கி.மீ. அளவிலோ அதற்கும் கீழேயோ சுற்றின. கேமராவுக்குத் தரை எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. அங்கே போன வீரர்கள் எல்லோரும் ராணுவ அதிகாரிகள். மேற்கில் ரேடியோ வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்த நிலையங்கள் பேசிய அலைவரிசையும் சோவியத் உளவுச் செயற்கைக்கோள்களை நினைவூட்டியது. இவற்றையெல்லாம் வைத்து அவர்கள் உண்மையை ஓரளவு ஊகித்துவிட்டார்கள். தாழ்ந்த பாதைக்கு ஒரு விலையும் உண்டு. அங்கே மெல்லிய காற்று உரசிக்கொண்டே இருக்கும், நிலையம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், எரிபொருளைச் செலவழித்து மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எரிபொருள் கொண்டுவரும் கப்பலோ இன்னும் வரவில்லை.

முதல் அல்மாஸான சல்யூட் 2, 1973 ஏப்ரலில் ஏவப்பட்டு, ஆட்கள் போகும் முன்பே காற்றழுத்தத்தை இழந்து வீணானது. இரண்டாவது, சல்யூட் 3, 1974 ஜூனில் போனது. பாவெல் பொபோவிச், யூரி அர்த்யூகின் இருவரும் சோயுஸ் 14இல் சென்று, பதினைந்து நாட்களுக்கு மேல் தங்கி வேலை செய்து, பத்திரமாகத் திரும்பினார்கள். சோவியத் வீரர்கள் ஒரு நிலையத்தில் தங்கி உயிரோடு திரும்பியது அதுவே முதல் முறை. அடுத்துப் போன சோயுஸ் 15 இணையவில்லை. இக்லா என்ற தானியங்கி இணைப்புக் கருவி தவறாக வேலை செய்தது. பேட்டரி தீரும் முன் சரஃபானோவும் தியோமினும் திரும்பிவிட்டார்கள். சல்யூட் 3இல் ஒரு பீரங்கியும் இருந்தது. விமானங்களுக்கான வேகத் துப்பாக்கியிலிருந்து உருவாக்கியது. குறி பார்க்க வேண்டுமானால் நிலையம் முழுவதையும் திருப்ப வேண்டும். ஆட்கள் யாரும் இல்லாதபோது, 1975 ஜனவரியில் நிலையத்தைக் கீழே இறக்குவதற்கு முன், தரையிலிருந்து கட்டளை கொடுத்துச் சுட்டுப் பார்த்தார்கள். இந்தப் பீரங்கியைப் பற்றித்தான் இணையத்தில் அதிகம் எழுதுகிறார்கள். படிக்கச் சுவாரசியமானதுதான். ஆனால் அல்மாஸின் வரலாற்றை முடிவு செய்தது பீரங்கி இல்லை. உள்ளே இருந்தவர்களின் உடம்பும் மனசும்தான் அதை முடிவு செய்தன.

சல்யூட் 5, 1976 ஜூன் 22 அன்று ஏவப்பட்டது. ஜூலை 6ஆம் தேதி சோயுஸ் 21இல் போரிஸ் வோலினோவும் வித்தாலி ஜோலோபோவும் கிளம்பினார்கள். வோலினோவ் ஏற்கெனவே சாவைத் தொட்டுவிட்டு வந்தவர். 1969 ஜனவரியில் சோயுஸ் 5இல் தனியாகத் திரும்பும்போது, பிரிய வேண்டிய பின்பகுதி பிரியவில்லை. வெப்பக் கவசம் பின்னால் இருக்க, கலம் முன்பக்கமாகவே வளிமண்டலத்தில் நுழைந்தது. கதவின் ரப்பர் கருகும் வாடையை முகர்ந்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். நல்ல வேளையாக இணைப்புகள் தீயிலேயே அறுந்து, கலம் சரியான பக்கம் திரும்பியது. தரையில் மோதிய வேகத்தில் அவருக்குப் பற்கள் உடைந்தன. அப்படிப்பட்டவரை ஏழு ஆண்டுகள் கழித்து மறுபடி அனுப்பினார்கள். ஜோலோபோவ் பொறியாளர். உக்ரைனில் பிறந்தவர். அவருக்கு இது முதல் பயணம்.

இணையும் நேரத்தில் இக்லா மறுபடியும் கைவிட்டது. மிக அருகில் வந்த பிறகு அது நடந்ததால், வோலினோவ் கையாலேயே ஓட்டி இணைத்துவிட்டார். அப்புறம் வேலை தொடங்கியது. சைபீரியாவில் நடந்த ராணுவப் பயிற்சியை மேலிருந்து கவனித்தார்கள். கேமராவை இயக்கினார்கள், ஃபிலிம் மாற்றினார்கள். உலோகத்தை எடையின்மையில் உருக்கிப் பார்ப்பது, படிகம் வளர்ப்பது, தொட்டியில் மீன்களைக் கவனிப்பது போன்ற ஆய்வுகளும் இருந்தன. செய்தித்தாள்களுக்குச் சொன்னவை இவைதான். ராணுவ வேலையின் பளு வெளியே தெரியவில்லை. பூமியைப் பார்க்கும் வேலை நிலையம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் உறக்க நேரத்துக்காக இலக்கு காத்திருக்காது. இருவரே செய்ய வேண்டிய வேலை அது.

ஆறாவது வாரம் முடியும் சமயத்தில், நிலையம் பூமியின் இருட்டுப் பக்கத்தில் இருந்தபோது, அபாயச் சங்கு அலறியது. விளக்குகள் அணைந்தன. கருவிகள் நின்றன. வோலினோவ் பின்னாளில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். விண்வெளி நிலையத்தில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும்: மின்விசிறிகள், குழாய்கள், காற்றைச் சுத்திகரிக்கும் கருவி. அந்த இரைச்சல்தான் உயிரோடு இருக்கிறோம் என்பதற்கு அடையாளம். அது நின்றுவிட்டால் காற்று அசையாது. எடையின்மையில் சூடான காற்று மேலே போகாது. நாம் விடும் மூச்சு நம் முகத்தைச் சுற்றியே தேங்கி நிற்கும். சன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. நிலையம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. தரை நிலையத்தோடு பேச, அதன் எல்லைக்குள் வரும் வரை காத்திருக்க வேண்டும். பதறாமல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, நிலையத்தை மறுபடி இயங்க வைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஜோலோபோவ் பழையபடி இல்லை. தலைவலி, தூக்கமின்மை, எதிலும் கவனம் நிற்காத நிலை. மருந்துகள் உதவவில்லை. நாளுக்கு நாள் மோசமாகி, பெரும்பாலான வேலையை வோலினோவ் ஒருவரே பார்க்க வேண்டியதாயிற்று. கடைசியில் தரையிலிருந்து திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் 24 அன்று ஜோலோபோவுக்கு அழுத்த உடையை மாட்டி, இருக்கையில் கட்டியது வோலினோவ்தான்.

அதோடும் விடவில்லை. நிலையத்திலிருந்து பிரிய முயன்றபோது கொக்கிகள் முழுமையாக விடவில்லை. கலம் பாதி பிரிந்து, பாதி மாட்டிக்கொண்டு தொங்கியது. திரும்பி உள்ளே போகவும் முடியாது, பிரிந்து போகவும் முடியாது. பூமியை ஒரு முறை சுற்றி வந்து, தரையிலிருந்து வேறு கட்டளை பெற்ற பிறகுதான் விடுபட்டார்கள். கஜகஸ்தானில் இரவில் இறங்கினார்கள். 49 நாள் எடையின்மைக்குப் பிறகு இருவராலும் நிற்க முடியவில்லை.

ஜோலோபோவுக்கு என்ன ஆயிற்று? மூன்று விதமாகச் சொல்வார்கள். முதலாவது, எரிபொருள் கசிவு. நிலையத்தின் இயந்திரங்கள் பயன்படுத்திய நைட்ரஜன் டெட்ராக்சைடு கடுமையான நச்சு. வீரர்கள் காட்டமான வாடை ஒன்றைப் பற்றிச் சொன்னதாக ஒரு தகவல் உண்டு. இரண்டாவது, மன அழுத்தம்: தனிமை, தூக்கமில்லாத உழைப்பு, அந்த இருட்டில் கழித்த நேரம். மூன்றாவது, உடற்பயிற்சித் திட்டத்தைச் சரியாகப் பின்பற்றவில்லை, அதனால் உடல் தளர்ந்தது என்பது.

மூன்றாவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நேரம் முழுவதையும் வேலை விழுங்கினால் உடற்பயிற்சிதான் முதலில் கைவிடப்படும். அது காரணம் என்பதைவிட விளைவு என்பதே பொருந்தும். 49 நாள் என்பது மனிதனால் தாங்க முடியாத காலமும் இல்லை. அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் 1974இல் மூன்று பேர் 84 நாள் இருந்துவிட்டு வந்தார்கள். சல்யூட் 4இல் 1975இல் கிளிமுக்கும் செவஸ்தியானோவும் 63 நாள் இருந்தார்கள். எனவே, நச்சா, மனசா என்ற கேள்விதான் பொறியாளர்கள் முன்னால் நின்றது. நச்சு என்றால் நிலையத்தை மூடிவிட வேண்டியதுதான். மனசு என்றால் வேறு இருவரை அனுப்பலாம்.

அக்டோபர் 14 அன்று சோயுஸ் 23 கிளம்பியது. வியாச்செஸ்லாவ் ஸுதோவ், வலேரி ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி. இந்த முறையும் இக்லா குழப்பியது. நிலையத்தை நெருங்கியும் இணைய முடியவில்லை. கையால் ஓட்டும் முயற்சிக்கு அனுமதி கிடைக்கவில்லை, எரிபொருளும் குறைவு. சூரியத் தகடு இல்லாத கலம் என்பதால் இன்னொரு நாள் முயன்று பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த முடிந்ததையெல்லாம் அணைத்துவிட்டு, இறங்கும் வாய்ப்புக்காகக் காத்திருந்தார்கள்.

அவர்கள் இறங்கியது தெங்கிஸ் ஏரியில். கஜகஸ்தானின் உப்பு ஏரி அது. நடு இரவு, பனிப்புயல், மூடுபனி, உறைநிலைக்குப் பல டிகிரி கீழே குளிர். சோவியத் விண்கலங்கள் தரையில் இறங்குவதற்காகவே செய்யப்பட்டவை. ஆட்களோடு நீரில் விழுந்த சோவியத் கலம் இது ஒன்றுதான். முதலில் கலம் மிதந்தது. பிறகு உப்பு நீர் மின் இணைப்புகளில் புகுந்ததால் மாற்றுப் பாராசூட் தானாக விரிந்து, நீரை முகந்து, கலத்தைச் சாய்த்து இழுத்தது. கதவு நீருக்குள் போய்விட்டது. வெளிக்காற்று வரும் வழியும் போனது. உள்ளே குளிரில் நடுங்கியபடி, கூடிவரும் கரியமில வாயுவை அளவாக மூச்சுவிட்டுச் சமாளித்தார்கள். ரப்பர் படகுகள் பனிச் சேற்றில் முன்னேற முடியவில்லை. கரையைச் சுற்றிச் சதுப்பு நிலம் என்பதால் வண்டிகளும் வர முடியவில்லை. விடிந்த பிறகு ஒரு ஹெலிகாப்டர் கலத்தில் கம்பி வடம் கட்டி, தூக்க முடியாத எடையைப் பனியிலும் சேற்றிலும் இழுத்துக் கரை சேர்த்தது. உள்ளே இருவரும் இறந்திருப்பார்கள் என்றே மீட்கப் போனவர்கள் நினைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தார்கள். ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி விண்வெளிக்கு வரும் முன் கடற்படையில் மூழ்கு வீரர்களுக்குத் தலைவராக இருந்தவர். நீருக்கடியில் அடைபட்டுக் கிடக்கும்போது மூச்சை எப்படிச் செலவழிப்பது என்று அந்தக் கலத்தில் யாருக்காவது தெரிந்திருந்தது என்றால் அது அவருக்குத்தான்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கோர்பாத்கோவும் கிளாஸ்கோவும் முகமூடியோடு கதவைத் திறந்தார்கள். பல இடங்களில் காற்றைச் சோதித்தார்கள். நச்சு எதுவும் இல்லை. முகமூடியைக் கழற்றினார்கள், மறுபடி வேலை தொடங்கியது. தங்கியிருந்த காலத்தின் இறுதியில், பிப்ரவரி 21 அன்று, இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார்கள். நிலையத்தின் ஒரு முனையில் உள்ளிருந்த காற்றை வெளியே விட்டுக்கொண்டே, தாங்கள் கலத்தில் கொண்டுவந்த புதுக் காற்றை இன்னொரு முனையில் திறந்துவிட்டார்கள். வீட்டுக்குக் காற்றோட்டம் கொடுப்பதுபோல, வெற்றிடத்தில் மிதக்கும் நிலையத்துக்குக் காற்று மாற்றினார்கள்.

பிப்ரவரியில் காற்று சுத்தமாக இருந்ததால், ஆகஸ்டில் ஜோலோபோவைப் படுத்தியது மனசுதான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். என்னால் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. இடையில் ஐந்தரை மாதம் கடந்திருக்கிறது. மின்சாரம் நின்ற நேரத்தில் காற்றைச் சுத்திகரிக்கும் கருவியும் நின்றிருந்தது. அன்று காற்றில் என்ன கலந்திருந்தது என்பதைப் பிப்ரவரியில் எடுத்த சோதனையால் சொல்ல முடியாது. அடுத்து வருபவர்கள் அங்கே பாதுகாப்பாக இருக்கலாம் என்பதை மட்டும்தான் அது சொன்னது. அதை வைத்து ஒரு மனிதர் மேல் பலவீனம் என்ற முத்திரையைக் குத்துவது நியாயமாகப் படவில்லை. மனசுதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். ஓய்வுக்கு மூன்றாவது ஆள் இல்லை. வீட்டிலிருந்து ஒரு கடிதமாவது கொண்டுவரக் கப்பல் இல்லை. நிலையத்துக்கு இணைப்புக் கதவு ஒன்றுதான், அதையும் அவர்களுடைய கலமே அடைத்துக்கொண்டிருந்தது. அதாவது, யாராவது உதவிக்கு வர நினைத்தாலும் வந்து நிற்க இடமில்லை. கேமராவுக்கு ஒரு கண்ணும் கையும் வேண்டும் என்று கணக்கிட்டவர்கள், அந்தக் கண்ணுக்கும் கைக்கும் பின்னால் இருக்கிற ஆளுக்கு என்ன வேண்டும் என்பதைப் பிறகு வரும் கப்பலுக்கு ஒத்திவைத்திருந்தார்கள்.

அந்தப் பாடம் போட்டியாளர்களான கொரலியோவ் அமைப்பில் உடனே பயன்பட்டது. 1977 செப்டம்பரில் ஏவப்பட்ட சல்யூட் 6இல் இரண்டு இணைப்புக் கதவுகள் இருந்தன. 1978 ஜனவரியிலிருந்து புரோகிரஸ் என்ற ஆளில்லாச் சரக்குக் கலம் உணவும் எரிபொருளும் கடிதங்களும் கொண்டுவந்தது. விருந்தாளிகளாக வேறு வீரர்கள் ஒரு வாரம் வந்து தங்கிவிட்டுப் போனார்கள். குடும்பத்தோடு பேச வைப்பது, இசை அனுப்புவது என்று வீரர்களின் மனநலனைப் பார்த்துக்கொள்வதே தனி வேலையானது. அங்கே மனிதர்கள் ஆறு மாதம் வரை இருந்துவிட்டு வந்தார்கள்.

கோர்பாத்கோவும் கிளாஸ்கோவும் பிப்ரவரி 25இல் கஜகஸ்தானின் அர்கலிக் பக்கம் இறங்கினார்கள். மறுநாள் ஃபிலிம் கேப்சூலும் பிரிந்து பூமிக்கு வந்தது. நிலையத்தில் எரிபொருள் குறைந்துவிட்டதால் அடுத்த குழுவை அனுப்பவில்லை. 1977 ஜூலையில்தான் டிகேஎஸ் கப்பல் முதல்முறையாக, ஆளில்லாமல், காஸ்மோஸ் 929 என்ற பெயரில் பறந்தது. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, சல்யூட் 5 வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஒன்று நடந்திருந்தது. சோயுஸ் 23 ஏரியில் விழுந்து இரண்டு மாதம் கழித்து, 1976 டிசம்பர் 19இல், கேஎச் 11 என்ற உளவுச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதில் ஃபிலிமே இல்லை. படத்தை மின் சமிக்ஞையாகவே பதிந்து, உடனுக்குடன் தரைக்கு அனுப்பியது. கழுவ வேண்டியதில்லை, கேப்சூலில் இறக்க வேண்டியதில்லை, மூச்சுக் காற்று வேண்டியதில்லை. கோர்பாத்கோ முகமூடியோடு கதவைத் திறந்தபோது, மனிதனை மேலே வைப்பதற்கு 1964இல் சொன்ன காரணம் ஏற்கெனவே பழையதாகிவிட்டிருந்தது. 1978இல் ஆட்களோடு பறக்கும் அல்மாஸ் திட்டம் நிறுத்தப்பட்டது. அதே கூட்டில் ரேடார் பொருத்தி, ஆளில்லாச் செயற்கைக்கோள்களாக 1987இலும் 1991இலும் அனுப்பினார்கள்.

அல்மாஸுக்காக வரைந்த அந்தக் கூட்டின் பரம்பரை மட்டும் தொடர்ந்தது. 1984 ஏப்ரலில் நம் ராகேஷ் சர்மா போய்த் தங்கிய சல்யூட் 7, அதற்குப் பின் வந்த மிர், பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ஸ்வெஸ்தா பகுதி எல்லாம் அதே 4.15 மீட்டர் வழிவந்தவைதான். டிகேஎஸ் கப்பலின் வடிவமும் 1998இல் ஸார்யாவாக அதே நிலையத்தின் முதல் பகுதியானது.

வோலினோவும் ஜோலோபோவும் அதற்குப் பிறகு பறக்கவில்லை. சல்யூட் 5க்கு அடுத்ததாகக் கட்டிக்கொண்டிருந்த நிலையத்துக்கு வரைவில் மூன்று பேருக்கு இடம் இருந்தது. இரண்டு இணைப்புக் கதவுகள் இருந்தன. ஒன்றில் ஆட்கள் வந்த கலம் நிற்க, மற்றதில் டிகேஎஸ் கப்பல் சரக்கோடு வந்து சேரலாம். அந்த நிலையம் ரெவுதோவிலேயே, தரையிலேயே தங்கிவிட்டது.